பீடமில்லாச் சிற்பங்கள்: கிறிஸ்தீனா இக்லேசியாஸின் நீரும் வெண்கலமும்

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில், அரச நுண்கலை அருங்காட்சியகத்தின் எதிரே ஒரு சதுக்கம் இருக்கிறது. அருங்காட்சியகம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கம்பீரத்தோடு எழுப்பப்பட்ட கட்டடம். உயர்ந்த தூண்கள், அகன்ற படிகள், கூரையின் மேல் வெண்கலத் தேர்கள். இப்படியொரு கட்டடத்தின் முன்னால் ஒரு சிற்பம் வேண்டும் என்றால், அதற்கு ஈடுகொடுக்கும்படி எதையாவது உயர்த்தி நிறுத்தத்தான் பெரும்பாலான சிற்பிகளுக்குத் தோன்றும். ஸ்பானியச் சிற்பி கிறிஸ்தீனா இக்லேசியாஸ் அங்கே எதையும் நிறுத்தவில்லை. தரையோடு தரையாக ஒரு பெரிய செவ்வகத் தொட்டியை அமைத்தார். தொட்டியின் அடித்தளம் முழுக்க இலைகள் பின்னிக் கிடக்கும் புடைப்புச் சிற்பம். நடுவில் நீளவாக்கில் ஒரு பிளவு. நீர் அந்தப் பிளவுக்குள் நிதானமாக இறங்கி மறையும்போது இலைப்படுகை ஈரத்தோடு வெளியே தெரிகிறது. பிறகு நீர் மறுபடி ஊறி மேலே வருகிறது. தொட்டி நிறைந்ததும் அருங்காட்சியகத்தின் முகப்பு அதில் தலைகீழாக விழுகிறது. ஒருவர் எந்த நேரத்தில் அந்தப் பக்கம் வருகிறாரோ, அதைப் பொறுத்து அவர் பார்ப்பது குளமாகவோ காடாகவோ இருக்கும்.

‘ஆழ்ந்த நீரூற்று’ என்ற பொருள்படும் பெயர்கொண்ட இந்தப் படைப்பு 1997இல் தொடங்கி 2006இல்தான் முடிந்தது. இக்லேசியாஸ் பிற்காலத்தில் செய்த முக்கியமான வேலைகளுக்கெல்லாம் வேர் இதில் இருக்கிறது. சிற்பம் என்றால் நடுவில் நிற்கும் ஒரு பொருள், அதைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டை அவர் கைவிட்டது இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. அவருடைய சிற்பம் ஓர் இடம். ஒரு பகுதியை மறைத்து வைத்து, பொறுத்திருப்பவருக்கு மட்டும் அதைக் காட்டும் இடம்.

அவர் பிறந்தது 1956 நவம்பரில், பாஸ்க் நாட்டுக் கடற்கரை நகரமான சான் செபஸ்தியானில். திரைப்பட இயக்குநர் பெத்ரோ அல்மோதோவாரின் படங்களுக்கு இசையமைக்கும் ஆல்பெர்த்தோ இக்லேசியாஸ் அவருடைய அண்ணன். ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ 1975 நவம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு கிறிஸ்தீனா சேர்ந்தது கலைக்கல்லூரியில் அல்ல, வேதியியல் வகுப்பில். இரண்டு ஆண்டுகளில் அதை விட்டுவிட்டுப் பார்சலோனாவுக்குப் போய் மட்பாண்டக் கலையும் ஓவியமும் பயின்றார். 1980 முதல் 1982 வரை லண்டனின் செல்சி கலைப்பள்ளியில் சிற்பம் படித்தார். வேதியியல் வீணாகவில்லை என்றே சொல்ல வேண்டும். சிமெண்ட், பிசின், வெண்கலத் தூள், அலபாஸ்டர், துரு ஏறும் இரும்பு என்று அவர் பின்னாளில் கையாண்ட பொருள்களின் பட்டியலைப் பார்த்தால், பொருள்கள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அவரை விட்டுப் போகவே இல்லை என்பது புரியும்.

பாஸ்க் நாட்டில் பிறந்து சிற்பியாவதில் ஒரு சுமை உண்டு. அந்த மண்ணின் நவீனச் சிற்பத்தை இரண்டு பெரிய ஆளுமைகள் ஏற்கெனவே பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஹோர்கே ஒத்தெய்ஸா, மற்றவர் எதுவார்தோ சில்லிடா. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி வளைத்த சில்லிடா 1958இலேயே வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக்கண்காட்சியில் சிற்பத்துக்கான பெரும்பரிசைப் பெற்றவர். சான் செபஸ்தியானின் மேற்குக் கோடியில், இகெல்தோ மலையின் அடிவாரத்துப் பாறைகளில் அவர் பதித்த ‘காற்றின் சீப்பு’ என்ற மூன்று எஃகுச் சிற்பங்கள் 1970களின் நடுவில் நிறைவு பெற்றன. கட்டடக் கலைஞர் லூயிஸ் பெஞ்ஞா கான்சேகி அதற்கு அமைத்த கல் தளத்தில் துளைகள் உண்டு. கீழே அலை மோதும்போது அவற்றின் வழியாகக் காற்றும் நீரும் பீறிட்டுக் கிளம்பும். இக்லேசியாஸ் அதே ஊரில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. சில்லிடாவின் எஃகைவிட, அந்தத் தளத்தின் துளைகளே இக்லேசியாஸின் பிற்காலக் கலைக்கு நெருக்கமானவை என்பது இந்தக் கட்டுரையின் கணிப்பு.

1980களில் புதிய ஜனநாயக ஸ்பெயின் தன் கலையை உலகுக்குக் காட்டத் துடித்தது. மாத்ரித்தின் ஆர்கோ கலைச்சந்தை 1982இல் பிறந்தது. ரெய்னா சோஃபியா கலை மையம் 1986இல் திறந்தது. சூசானா சொலானோ, ஹுவான் முன்யோஸ், இக்லேசியாஸ் எனச் சிற்பிகளின் ஒரு தலைமுறை இந்த அலையில் மேலெழுந்தது. இக்லேசியாஸ் 1986இலும் 1993இலும் வெனிஸ் பியனாலேயில் ஸ்பெயினின் அரங்கில் இடம்பெற்றார். இரண்டாம் முறை அவரோடு அரங்கைப் பகிர்ந்துகொண்டவர் முதுபெரும் ஓவியர் அந்தோனி தாப்பியெஸ். முன்யோஸ் இக்லேசியாஸின் வாழ்க்கைத் துணைவரும்கூட. 2001இல் லண்டன் டேட் மாடர்னின் டர்பைன் கூடத்தில் தன் வாழ்நாளின் மிகப் பெரிய படைப்பை முன்யோஸ் நிறுவினார். அது காட்சியில் இருந்தபோதே, அந்த ஆகஸ்ட்டில், 48 வயதில் திடீரென இறந்துபோனார். முன்யோஸின் கலை மனித உருவங்களால் நிறைந்தது. சிரிக்கும் முகங்கள், ஆளில்லாப் பால்கனிகள், ஒன்றுகூடி நின்றும் பேசிக்கொள்ளாத கூட்டங்கள். இக்லேசியாஸின் படைப்புகளில் மனித உருவம் அநேகமாக வருவதே இல்லை. பார்க்க வருபவர்தான் அங்கே உள்ள ஒரே உருவம்.

தொடக்க காலப் படைப்புகள் சுவரோடு சார்ந்து நின்றவை. சிமெண்ட் பலகை ஒன்று சுவரிலிருந்து சற்றே விலகி நிற்கும். அந்த இடுக்கில் ஒரு திரைச்சீலையோ வண்ணக் கண்ணாடியோ ஒளிந்திருக்கும். பிறகு தலைக்கு மேலே தொங்கும் அலபாஸ்டர் கூரைகள் வந்தன. ஸ்பெயினின் பழைய தேவாலயங்களில் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய அலபாஸ்டர் தகடுகளைச் சன்னல்களில் பதிக்கும் வழக்கம் இருந்தது. கல்லே வெளிச்சத்தை வடிகட்டித் தரும். 1993இல் செய்த ‘அலபாஸ்டர் அறை’ இப்போது பில்பாவோ கூகன்ஹைம் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அதன்பின் தாவர அறைகள் என்ற தொடர். மூங்கில், யூகலிப்டஸ் இலை போன்றவற்றிலிருந்து அச்செடுத்து, பிசினில் வெண்கலத் தூளைக் கலந்து வார்த்து, சுவர்களை எழுப்பினார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் முடிவில்லாத காடு. கூர்ந்து பார்த்தால் ஒரே அச்சு திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். இந்தச் செயற்கைத்தன்மையை அவர் மறைப்பதில்லை. பிரேசிலின் இன்யோத்திம் கலைப்பூங்காவில் உள்ள தாவர அறையின் வெளிச்சுவர்கள் மெருகேற்றிய எஃகு. சுற்றியுள்ள உண்மைக் காடு அவற்றில் பிரதிபலிப்பதால் கட்டடம் கண்ணுக்கே தட்டுப்படாது. உள்ளே நுழைந்தால் வார்த்தெடுத்த காடு. வெளியே உண்மையின் பிம்பம், உள்ளே பொய்யின் உடல். இரண்டுக்கும் நடுவே பார்வையாளர் நிற்கிறார்.

இதே காலத்தில் வளர்ந்த இன்னொரு தொடர் பலகணித் திரைகள். ஒளியையும் காற்றையும் விட்டு, பார்வையை மட்டும் தடுக்கும் துளைத்தட்டிகள் அந்தலூசிய அரபுக் கட்டடக்கலையிலிருந்து ஸ்பெயினுக்கு வந்தவை. துறவு மடங்களில் வெளியுலகைக் காணாமல் வாழும் சகோதரிகள் இத்தகைய தட்டிகளுக்குப் பின்னால் இருந்துதான் வழிபாட்டில் கலந்துகொள்வார்கள். இக்லேசியாஸ் இந்தத் தட்டியை எழுத்துகளால் பின்னினார். ரேமோன் ரூசெலின் ‘ஆப்பிரிக்கப் பதிவுகள்’, ஜே. ஜி. பாலர்டின் ‘பளிங்கு உலகம்’, ஆர்தர் சி. கிளார்க்கின் ‘ராமாவுடன் சந்திப்பு’ ஆகிய நாவல்களின் வருணனைப் பகுதிகள் தட்டியின் கண்ணிகளாக ஆகின்றன. எல்லாமே இல்லாத இடங்களைப் பற்றிய வருணனைகள். எழுத்து அங்கே இருக்கிறது. ஆனால் வாசிக்க முயன்றால் ஒன்றிரண்டு சொற்களுக்கு மேல் கைக்குச் சிக்காது. 2002இல் செய்த ‘பாதை’ என்ற படைப்பில் இதே உத்தி தலைக்கு மேல் போயிற்று. எழுத்துகள் பின்னப்பட்ட பாய்கள் வரிசையாகக் கூரையிலிருந்து தொங்க, விளக்கொளி அவற்றினூடே இறங்கி, நடப்பவரின் காலடியில் எழுத்துகளை நிழலாக விழச் செய்தது.

1999இல் ஸ்பெயினின் தேசிய நுண்கலை விருது அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பின் மேலும் பல நகரங்கள் அவரைத் தேடி வரத் தொடங்கின.

மாத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்துக்கு ரஃபாயேல் மொனேயோ வடிவமைத்த விரிவாக்கக் கட்டடம் 2007 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் வெண்கலக் கதவுகள் இக்லேசியாஸ் செய்தவை. ஐரோப்பியக் கலையில் வெண்கலக் கதவு என்றவுடன் பிளாரன்ஸில் கிபெர்த்தி செய்த ‘சொர்க்க வாசல்’ நினைவுக்கு வரும். கதவு முழுக்க விவிலியக் கதைகள். பிராதோவின் கதவில் கதை கிடையாது. வேர்களும் தண்டுகளும் முறுக்கிக்கொண்டு ஏறும் ஒரு புதர் மட்டுமே. கதவுப் பலகைகள் ஒரே நிலையில் நிற்பதும் இல்லை. நாளின் வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு நிலைகளுக்கு நகர்கின்றன. வெலாஸ்கெஸும் கோயாவும் இருக்கும் வீட்டின் வாசலில் ஒரு புதரை நட்டது துணிச்சலான செயல்தான்.

கதவை அடுத்து அவர் போனது கடலுக்கடியில். மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தை ஒட்டி, எஸ்பிரித்து சாந்தோ தீவின் அருகே, சுமார் 14 மீட்டர் ஆழத்தில் 2010இல் இரண்டு அறைகளை இறக்கினார். சுவர்கள் அதே எழுத்துத் தட்டிகள். இம்முறை எழுத்து, இயேசு சபைத் துறவி ஹோசே தே அகோஸ்தா 1590இல் வெளியிட்ட புதிய உலகின் இயற்கை வரலாற்றிலிருந்து எடுத்தது. கடலுயிர்களுக்குத் தீங்கு செய்யாத சிமெண்ட் கலவையில் வார்த்திருந்ததால், பாசியும் பவளமும் சுவர்களில் குடியேறத் தொடங்கின. மீன்கள் தட்டியின் கண்களுக்குள் புகுந்து போகின்றன. ஏற்கெனவே வாசிக்க அரிதாக இருந்த வரிகளை இனி கடல் கொஞ்சம் கொஞ்சமாக மூடும். முக்குளிக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே காணக்கூடிய இந்தச் சிற்பத்தைப் பிறருக்குக் கொண்டுவந்தது ஜெர்மானிய இயக்குநர் தோமஸ் ரீடல்ஷைமர் எடுத்த ‘கடலில் ஒரு தோட்டம்’ என்ற ஆவணப்படம்.

அவருடைய வேலைகளில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால், தொலேதோ என்று தயங்காமல் சொல்லலாம். 2014இல், ஓவியர் எல் கிரேக்கோ மறைந்த நானூறாம் ஆண்டையொட்டி, லண்டனின் ஆர்ட்ஏஞ்சல் அமைப்பும் எல் கிரேக்கோ நினைவு அறக்கட்டளையும் சேர்ந்து ‘மூன்று நீர்கள்’ என்ற படைப்பை அங்கே சாத்தியமாக்கின. ஊரில் மூன்று இடங்கள்: தேஹோ ஆற்றங்கரையில் பழைய ஆயுதத் தொழிற்சாலையின் நீர்க்கோபுரம், நகரமன்றச் சதுக்கம், சாந்தா கிளாரா துறவுமடம்.

தொலேதோ என்ற ஊரின் கதையே தண்ணீரின் கதை. பாறைக்குன்றின் மேல் ஊர். மூன்று பக்கமும் அடியில் சுற்றிவளைக்கும் ஆறு. தண்ணீர் கண்ணெதிரே ஓடும், மேலே வராது. பதினாறாம் நூற்றாண்டில் ஹுவானெலோ துர்ரியானோ என்ற இத்தாலியக் கடிகார வல்லுநர், ஆற்று நீரைச் சுமார் நூறு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் ஓர் இயந்திரத்தை 1569இல் இயக்கிக் காட்டினார். ஐரோப்பாவே வியந்தது. ஆனால் மேலேறிய நீர் மன்னரின் கோட்டையில் தங்கிவிட்டது. ஊருக்கு வராத தண்ணீருக்கு ஊர் பணம் தர மறுத்தது. துர்ரியானோ கடனாளியாக 1585இல் இறந்தார். தண்ணீரை மேலே கொண்டுவருவதும் அது யாருக்குச் சேரும் என்பதும் அந்த ஊரில் வெறும் தொழில்நுட்பக் கேள்விகளாக இருந்ததே இல்லை.

நகரமன்றச் சதுக்கத்தில் இக்லேசியாஸ் பதித்த தொட்டி இந்தப் பின்னணியில்தான் கனம் பெறுகிறது. ஒரு பக்கம் பேராலயம். ஒருகாலத்தில் ஊரின் பெரிய பள்ளிவாசல் நின்ற இடத்தில் எழுந்தது. இன்னொரு பக்கம் நகரமன்றம். எல் கிரேக்கோவின் மகன் ஹோர்கே மனுவெல் அதன் கட்டுமானத்தில் பங்கேற்றவர். மதமும் ஆட்சியும் எதிரெதிரே நிமிர்ந்து நிற்கும் சதுக்கத்தின் தரையில், வேர்ப்படுகையின் மேல் நீர் ஏறுகிறது, இறங்குகிறது. ரோமானியர், யூதர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என இந்த ஊரை ஆண்டவர்களும் வாழ்ந்தவர்களும் மாறினார்கள். அனைவருக்கும் தேவைப்பட்டது அதே ஆற்று நீர்தான். அதைச் சொல்ல இக்லேசியாஸ் ஒரு கல்வெட்டுகூட வைக்கவில்லை. நீர்க்கோபுரத்திலிருந்து மடம் வரை நடந்தே போக வேண்டியிருப்பதால், ஆற்றிலிருந்து குன்றுக்கு ஏறும் மூச்சிரைப்பும் படைப்பின் பகுதியாகிவிடுகிறது.

லண்டன் வேறு கதை. நகரின் நிதி மையத்தில், நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகம் 2017இல் திறக்கப்பட்டது. அந்த மனையின் அடியில் ஒருகாலத்தில் வால்புரூக் என்ற சிற்றாறு ஓடியது. ரோமானிய லண்டன் அதன் கரைகளில்தான் வளர்ந்தது. 1954இல் அங்கே மித்ரா தெய்வத்தின் கோயில் தோண்டியெடுக்கப்பட்டபோது மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். புதிய கட்டடத்துக்காகத் தோண்டியபோது நானூறுக்கும் மேற்பட்ட எழுத்துப் பலகைகள் ஈரச் சேற்றில் மட்காமல் கிடைத்தன. அவற்றில் ஒன்று கி.பி. 57 ஜனவரி 8 தேதியிட்ட கடன் பத்திரம். மூடப்பட்ட ஆற்றின் நினைவாக இக்லேசியாஸ் ‘மறந்துபோன ஓடைகள்’ என்ற பெயரில் மூன்று வெண்கலப் படுகைகளைக் கட்டடத்தின் ஓரங்களில் அமைத்தார். ஆற்றங்கரைச் சேறும் வேரும் போன்ற வெண்கலத்தின் மேல் மெல்லிய நீர் வழிகிறது.

இங்கே ஒரு சங்கடம் எழுகிறது. அதைத் தவிர்த்துவிட்டு அவரைப் புகழ்வது சரியல்ல. இந்த நீர் வால்புரூக்கின் நீர் அல்ல. இயந்திரம் சுழற்றித் தரும் நீர். ஆறு இன்னும் மூடியே கிடக்கிறது. ஆற்றை மூடி வளர்ந்த நிதி மையமே அந்த ஆற்றுக்கு நினைவுச்சின்னம் வைக்கப் பணம் தருகிறது. இது நினைவூட்டலா, அலங்காரமா? இக்லேசியாஸின் நேர்த்தியே சில வேளைகளில் அவருக்கு எதிராக வேலை செய்கிறது. அழகான தொட்டியின் விளிம்பில் அமர்ந்து மதிய உணவை முடித்துவிட்டுப் போகிறவருக்கு அடியில் புதைந்த ஆறு நினைவுக்கு வராமலே போகலாம். தொலேதோவில் ஆறு கண்முன்னே ஓடுவதால் சிற்பத்துக்குச் சாட்சி இருக்கிறது. லண்டனில் சாட்சி மண்ணுக்கடியில்.

பொது இடத்தில் நீரை வைத்து வேலை செய்பவருக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. கல்லால் செய்த வீரனை நிறுத்திவிட்டு ஊர் மறந்துவிடலாம். நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவன் நிற்பான். இக்லேசியாஸின் படைப்புக்கு பம்பு ஓட வேண்டும், வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும், பாசியையும் உதிர்ந்த இலைகளையும் அகற்ற வேண்டும். நீர் நின்ற அன்று சிற்பமும் நின்றுபோகும். நகரமன்றத்தின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஓர் இடத்தை எப்போதைக்குமாகக் கோரும் கலை இது.

சொந்த ஊரில் அவர் செய்த பெரிய வேலை ‘ஹொண்டலேயா’. சான் செபஸ்தியானின் லா கொன்ச்சா வளைகுடாவின் வாயில் சாந்தா கிளாரா என்ற சிறு தீவு இருக்கிறது. மேற்கே சில்லிடாவின் ‘காற்றின் சீப்பு’. கிழக்கே, உர்குல் குன்றின் அடிவாரத்தில், ஒத்தெய்ஸாவின் ‘வெற்றுக் கட்டுமானம்’, 2002இல் நிறுவப்பட்டது. பல ஆண்டுகள் பகைமை பாராட்டி, 1997இல் பொதுவெளியில் தழுவிக்கொண்டு சமாதானமான இரு முன்னோடிகள், கடலின் இரு முனைகளில் எதிரெதிரே. நடுவே உள்ள தீவு இக்லேசியாஸுக்கு வாய்த்தது. அங்கே 1864இல் கட்டிய ஒரு கலங்கரை விளக்கம். 1968இல் காவலர் வெளியேறிய பின் அதன் வீடு பாழடைந்து கிடந்தது.

இக்லேசியாஸ் வீட்டின் வெளிச்சுவர்களை அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருந்த அனைத்தையும் அகற்றினார். பாறைக்குள் இறங்கும் பள்ளம் ஒன்று உருவானது. பள்ளத்தின் சுவர்கள் வெண்கலத்தால் ஆன பாறை அடுக்குகள். அந்தக் கரையோரத்தில் புத்தக ஏடுகளைப்போல் சாய்ந்து நிற்கும் படிவுப்பாறைகளே அவற்றுக்கு மாதிரி. வார்ப்பு வேலை நடந்தது ஏய்பார் ஊரின் ஆல்ஃபா ஆர்த்தே பட்டறையில். துப்பாக்கித் தயாரிப்புக்குப் பேர்போன ஊர் அது. உலோகத்தோடு பழகிய பல தலைமுறைக் கைகள் அங்கே உண்டு. 2021 ஜூனில் படைப்பு திறக்கப்பட்டது. உள்ளே நுழைபவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கிறார். அலைபோல நீர் வந்து இடுக்குகளில் நிறைந்து, உறிஞ்சப்பட்டதுபோல் மறைகிறது. வெளியே உண்மைக் கடலின் ஓசை. தன் படைப்பை அவர் ஊருக்குக் கொடையாகத் தந்தார். கட்டுமானச் செலவுக்குப் பொதுப்பணம் தேவைப்பட்டது.

எதிர்ப்பும் வந்தது. ஏற்கெனவே சுற்றுலாவால் மூச்சுத் திணறும் நகரம், எஞ்சியிருந்த ஒரே அமைதியான மூலைக்கும் கூட்டத்தை அனுப்புகிறதே என்று சூழல் அமைப்புகள் கேட்டன. நியாயமான கேள்விதான். இயற்கையின் வலுக்குன்றிய நிலையைப் பேசும் கலை, அதே இயற்கையின் மேல் பாரமாக அமர முடியுமா? தீவுக்குப் படகில் மட்டுமே போக முடியும் என்பதும், உள்ளே ஒரு நேரத்தில் குறைந்த எண்ணிக்கையினரே நிற்க முடியும் என்பதும் ஓரளவு பதிலாகின்றன. முழுப் பதில் அல்ல.

2022 கோடையில் நியூயார்க்கின் மாடிசன் சதுக்கப் பூங்காவில், ஒருகாலத்தில் அங்கே ஓடி இப்போது மண்ணுக்கடியில் போய்விட்ட சிடார் ஓடையின் நினைவாக, புல்வெளியில் ஐந்து வெண்கலப் படுகைகளைப் பதித்தார். தலைப்பு ‘நிலக்காட்சியும் நினைவும்’. வரலாற்றாசிரியர் சைமன் ஷாமாவின் புகழ்பெற்ற நூலின் பெயர் அது. தற்காலிகப் படைப்பு, அதே ஆண்டின் இறுதியில் எடுக்கப்பட்டது. பூங்காவுக்குப் பழகியவர்கள் மாதக்கணக்கில் காலடியில் பார்த்த நீர் போய்விட்டது.

ஹொண்டலேயாவையும் தொலேதோவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இக்லேசியாஸின் கலை எங்கே வலுவடைகிறது என்பது தெளிவாகிறது. ஹொண்டலேயா பிரம்மாண்டமானது, நாடகத்தன்மை மிக்கது. ஆனால் அதைப் பார்ப்பதற்கென்றே புறப்பட்டு, படகேறி, குன்றேறிப் போக வேண்டும். போகிறவர் வியக்கத் தயாராகவே போகிறார். தொலேதோ சதுக்கத்தில் வேறு வேலையாக வருபவர்களே அதிகம்: திருமணத்தைப் பதிவு செய்ய வந்தவர்கள், வரி செலுத்த வந்தவர்கள், பேராலயத்துக்குச் சுற்றுலாக் குழுவோடு வந்தவர்கள். அவர்களை எவரும் தயார்ப்படுத்தி அனுப்புவதில்லை. அங்கே சிற்பம் ஊரின் அன்றாடத்தோடு போட்டியிட்டே கவனத்தைப் பெற வேண்டும். தொட்டி வற்றியிருக்கும் நேரத்தில் வேர்களை மட்டும் பார்த்துவிட்டு ஒருவர் போய்விடலாம்; திரும்பி வரும் வழியில் அதே இடத்தில் நகரமன்றத்தின் முகப்பு மிதப்பதைக் காணலாம். இந்த இரண்டாவது பார்வைக்காகவே இக்லேசியாஸ் நாற்பது ஆண்டுகளாக வேலை செய்துவருகிறார்.